கடலுக்கு முதுகு காட்டாதீங்க மக்கா!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் கணக்கை ரிசல்ட் வர்றப்போ பார்த்துக்கலாம். இப்போ உங்க கேன்டீன் டேபிள்ல ஓடுற ஒரே விவாதம், 'எங்கே டூர் போலாம்?' என்பதுதான். ஊட்டின்னு ஒருத்தன், கொடைக்கானல்னு ஒருத்தி, 'கையில இவ்வளவுதான்டா இருக்கு'ன்னு பர்ஸைத் திறந்து காட்டுற பாவப்பட்ட ஜீவன் ஒண்ணு... சண்டை போட்டு ஓய்ஞ்சு கடைசியில எல்லாரும் தலையாட்டுற ஊர் எங்க ஊராத்தான் இருக்கும். ராத்திரி ரயிலேறினா காலையில கன்னியாகுமரி!

சூரிய உதயம் பார்த்தாச்சு. விவேகானந்தர் பாறைக்குப் போயாச்சு. 133 அடி வள்ளுவரோட போட்டோ எடுத்தாச்சு. 2024 டிசம்பர்ல திறந்த கண்ணாடிப் பாலத்துல கீழே பார்க்காம நடந்து முடிச்சாச்சு. மணி பதினொண்ணுதான் ஆகுது. அடுத்து என்ன? அப்போதான் கும்பல்ல ஒரு விஞ்ஞானி வாயைத் திறப்பான்: "மச்சி, ஒரு தூண்டில் வாங்கி மீன் பிடிச்சா என்ன?"

சூப்பர் ஐடியா. தாராளமா பிடிங்க. இந்த வாரம் உங்க கைடு நான்தான். நாஞ்சில் நாட்டுப் பிள்ளை, தேர்ட் இயர் சிவில். ஆரோக்கியபுரத்துல ஆரம்பிச்சு நீரோடி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை, 40-க்கும் மேல மீனவக் கிராமங்கள் எங்க மாவட்டத்துல இருக்கு. எங்கே நிக்கலாம், எங்கே நிக்கக் கூடாதுன்னு பையச் சொல்லுகேன், கேளுங்க.

செலவு கம்மி, பொறுமை ஜாஸ்தி

இங்கிலீஷ் படத்துல வர்ற மாதிரி ராடு, ரீல், தொப்பி, பல பாக்கெட் வெச்ச ஜாக்கெட் எதுவும் வேண்டாம். எங்க கரையில பாதிப் பேர் கையிலேயே தூண்டில் போடுறவங்க. தங்கூசி நரம்பு ஒரு கட்டு, நாலஞ்சு தூண்டில் முள், ஒரு ஈயக்குண்டு. அவ்வளவுதான் செட். நரம்பைச் சுத்தி வைக்க காலி தண்ணி பாட்டில் போதும். இரைக்கு சாளைத் துண்டோ, இறாலோ, கணவாய்த் துண்டோ. (சாளைன்னா உங்க ஊர் மத்தி. நெய்மீன்னா உங்க ஊர் வஞ்சிரம். மெனு கார்டு பார்த்து முழிக்காதீங்க.)

முதல் தடவை போடுறவங்களுக்கு நல்ல இடம் கடல் இல்லை, கழிமுகம். பழையாறு கடல்ல சேர்ற மணக்குடி, குழித்துறை ஆறு சேர்ற தேங்காப்பட்டணம் மாதிரி இடங்கள்ல, ஆத்துப் பக்கமா உள்ளே தள்ளி நின்னா அலை அடிக்காது. மடவை, கெளுத்தின்னு ஏதாவது ஒண்ணு இரையைத் தொட்டுப் பார்க்கும். ஆனா ஆறும் கடலும் சேர்ற அந்த வாய்கிட்ட மட்டும் போகாதீங்க. அங்கே இழுப்பு ஜாஸ்தி.

கெளுத்தி மாட்டினா வீரம் காட்டி வெறுங்கையில பிடிக்க வேண்டாம். முதுகுத் துடுப்புலயும் பக்கத்துத் துடுப்புலயும் விஷ முள் இருக்கு. திருக்கைக்கு வால்ல. குத்திடுச்சுன்னா தாங்கக்கூடிய சூட்டுல உள்ள வெந்நீர்ல கையை அமுக்கி வெச்சா வலி குறையும், ஏன்னா அந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பலூன் மாதிரி உப்புற பேத்தை மீன் மாட்டினா, 'க்யூட்டா இருக்கே'ன்னு போட்டோ எடுத்துட்டு கடல்லயே விட்டுருங்க. அதைச் சமைச்சாலும் விஷம் போகாது.

கயிறு பிடிக்க வர்றீங்களா?

தூண்டில்ல ஒண்ணுமே மாட்டலைன்னா மனசு உடைய வேண்டாம். விடியக்காலையில மணல் பரப்பு அகலமா இருக்கிற கரையா பார்த்து நடங்க. அதிர்ஷ்டம் இருந்தா கரமடி இழுக்கிறதைப் பார்க்கலாம். மத்த ஊர்கள்ல கரைவலைன்னு சொல்றது இதைத்தான். இலங்கைத் தமிழர் ஊர்கள்லயும் அதே பேர்தான்.

கயித்தோட ஒரு முனை கரையில இருக்கும். வள்ளம் வலையோட கடலுக்குள்ள போய், பெரிய அரைவட்டமா வலையை இறக்கிக்கிட்டே சுத்தி வந்து, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு முனையைக் கரை சேர்க்கும். அப்புறம் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு இழுப்பாங்க. இழுக்க இழுக்க ரெண்டு கோஷ்டியும் பக்கத்துல பக்கத்துல வரும். நடுவுல பை மாதிரி இருக்கிற பகுதிதான் 'மடி'. மீன் கடைசியில அங்கேதான் குவியும். கரையிலேயே ஏலம், அப்புறம் பங்கு.

நீங்களும் ஒரு கை பிடிக்கலாம். ஆனா கேட்டுட்டுப் பிடிங்க. உங்களுக்கு அது ஃபன், அவங்களுக்கு அன்னிக்குச் சோறு. காயப்போட்ட வலையை மிதிச்சுக்கிட்டு நடக்காதீங்க. மடி கரைக்கு வர்ற நேரத்துல குறுக்கே நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. நல்லா இழுத்தா கையில நாலு மீன் தந்தாலும் தருவாங்க.

இழுக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. அத்தனை பேரும் கடலைப் பார்த்துத்தான் நிப்பாங்க. பேசுறது, சிரிக்கிறது, திட்டுறது எல்லாம் பக்கத்துல இருக்கிறவங்ககூட. கண்ணு மட்டும் தண்ணிமேல. இந்த வாரம் நான் சொல்ல வந்த சமாசாரமே இதுதான்.

பேர்லதான் தூண்டில்

மேற்குப் பக்கக் கரையில நிறைய இடத்துல கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீளமா ஒரு சுவர் போட்டிருப்பாங்க. அதுக்குப் பேர் 'தூண்டில் வளைவு'. தூண்டில் முள் மாதிரி நுனி வளைஞ்சிருக்கிறதால அந்தப் பேர். மீன் பிடிக்கக் கட்டினது இல்லை, கடல் அரிப்பைத் தடுக்கக் கட்டினது.

சிவில் படிக்கிறவங்களுக்கு இது செமஸ்டர் கேள்வி. அலை கரையில நேரா வந்து மோதுறதில்லை. சாய்வா மோதும், அதனால மணல் கரையோரமாவே நகர்ந்துகிட்டு இருக்கும். குறுக்கே ஒரு சுவர் போட்டா அந்தப் பக்கம் மணல் சேரும், இந்தப் பக்கம் மணல் வராம கரை அரிக்கும். ஒரு ஊரைக் காப்பாத்துற கல், பக்கத்து ஊர்ல 'எங்களுக்கும் ஒண்ணு போடுங்க'ன்னு கேட்க வைக்கும். மணல் போன இடத்துல கரமடி இழுக்க முடியாது, அது வேற சோகம்.

கல்லு இடுக்குல மீன் ஒதுங்கும்கிறதால தூண்டில் போடுறவங்களுக்கு அந்தச் சுவர் பிடிக்கும். ஊர்க்காரங்க அதுமேல சர்வசாதாரணமா நடந்து போவாங்க. அதைப் பார்த்து நீங்களும் செருப்போட ஏறினா கதை கந்தல். பாசி வழுக்கும். கல்லுக்கு நடுவுல காலே உள்ளே போற சந்து இருக்கும். சுவரை ஒட்டியே தண்ணி வெளிப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போற நீரோட்டம் உண்டாகும். தெற்குக் கடலோரத்துல நீரோட்டத்தை 'நீவாடு'ன்னு சொல்றாங்க. பேர் அழகா இருக்கு, பிடியில சிக்கினாதான் தெரியும்.

முட்டம் பாறையும் இப்படித்தான். 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊர்னு நீங்க ஆசையா ஓடி வருவீங்க. டைட்டிலை நல்லா கவனிச்சுட்டு வாங்கன்னுதான் சொல்வேன்.

அரை மணி நேரம் சும்மா இருங்க

பாறையோ, மணலோ, சுவரோ... தூண்டிலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தள்ளி நின்னு கடலைப் பாருங்க. 'அஞ்சு நிமிஷம் பார்த்தேன், அமைதியாத்தான் இருந்துச்சு' எல்லாம் செல்லாது. ஏன்னு கேட்பீங்க. இதோ கொஞ்சம் பிசிக்ஸ். கிளாஸ்ல தூங்கினவங்களும் தைரியமா படிக்கலாம்.

பக்கத்துல அடிக்கிற காத்து கிளப்புற அலை சின்னது. ஆறேழு நொடிக்கு ஒண்ணுன்னு படபடன்னு வரும். இன்னொரு வகை அலை, இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில எங்கேயோ அடிச்ச புயல்ல பிறந்து வர்றது. அது நிதானமா பதினஞ்சு, இருபது நொடிக்கு ஒண்ணா வரும். ஆழ்கடல்ல அலையோட வேகத்துக்கு ஈஸியான ஃபார்முலா இருக்கு: ரெண்டு அலைக்கு நடுவுல உள்ள நொடியை 1.56-ஆல பெருக்குங்க, நொடிக்கு எத்தனை மீட்டர்னு கிடைக்கும். 16 நொடி அலைன்னா நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அலைக்கூட்டம் மொத்தமா நகர்றது அதுல பாதி, மணிக்கு 45. ஒரு வாரத்துல 7,500 கிலோமீட்டர்!

அந்தப் புயல் நம்ம ஊர்ல ஒரு இலையைக்கூட அசைக்காது. வானம் நீலமா இருக்கும், காத்து சும்மா இருக்கும். ஆனா அது அனுப்பின அலை ஒரு வாரம் கழிச்சு வந்து சேரும். ஆழம் குறையக் குறைய அதோட வேகம் குறையும், உயரம் ஏறும். கரையில ஏற வேண்டிய தூரத்தைத் தாண்டி ஏறும், அதே வேகத்துல திரும்ப இழுக்கும்.

இதுக்குக் கேரளா, குமரிக் கரையில மீனவங்க வெச்ச பேர் 'கள்ளக்கடல்'. கள்ளன் மாதிரி சத்தமில்லாம வர்ற கடல். இன்னிக்கு விஞ்ஞானிங்களும் அதே பேரைத்தான் சொல்றாங்க. அதிகமா வர்றது மழைக்காலத்துக்கு முன்னாடி, ஏப்ரல், மே மாசங்கள்ல. நம்ம லீவும் அப்போதான்!

இன்னொரு வம்பு இருக்கு. ப்ளஸ் டூ-ல 'பீட்ஸ்' படிச்சது ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள ரெண்டு ஒலி சேர்ந்தா சத்தம் கூடும், குறையும், மறுபடி கூடும். அலையும் அப்படித்தான். தூரத்துல இருந்து வர்ற அலைகள் கூட்டம் கூட்டமா வரும். நாலஞ்சு பெரிய அலை, அப்புறம் பல நிமிஷம் அமைதி, மறுபடி பெரிய அலை. நீங்க அஞ்சு நிமிஷம் பார்த்தது அந்த அமைதியை மட்டுமா இருக்கலாம். அரை மணி நேரம் பார்த்தா கடல் தன்னோட முழு முகத்தையும் ஒரு தடவையாவது காட்டும். பாறையில எது வரைக்கும் ஈரம், எது வரைக்கும் பாசின்னு பாருங்க. ஈரம் இருக்கிற இடம் அலையோட பட்டா நிலம். அங்கே நாம நிக்கக் கூடாது.

2024 மே 6

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கணபதிபுரம் பக்கத்துல லெமூர் பீச்னு ஒரு அழகான கரை. 2024 மே 6-ஆம் தேதி அங்கே மருத்துவக் கல்லூரி மாணவ மாணவிகள் ஐந்து பேர் கடல்ல மூழ்கி இறந்துபோனாங்க. ஒரு கல்யாணத்துக்காகக் குமரி மாவட்டத்துக்கு வந்தவங்க. உங்களை மாதிரி, என்னை மாதிரி, நண்பர்களோட கடல் பார்க்கப் போனவங்க. அவங்க மீன் பிடிக்கப் போகலை. ஆனா நின்னது நீங்க தூண்டில் போட நிக்கப்போற அதே மாதிரிக் கரையில.

அன்னிக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. ஹைதராபாத்ல இருக்கிற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமா இன்காய்ஸ், அந்த எச்சரிக்கையைக் கொடுத்திருந்தது. இந்த மாதிரி அலைக்கு முன்னறிவிப்பு சொல்றதுக்குன்னே 2020-ல் ஒரு அமைப்பை ஆரம்பிச்ச மையம் அது. அந்தத் தகவல் கரைக்கு வர்ற ஒவ்வொரு வெளியூர்க்காரர் காதுலயும் விழுந்துச்சாங்கிறதுதான் கேள்வி. போனவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. இனி போறவங்க காதுல விழணும்னு எழுதுறேன்.

இன்னொரு தேதியும் எங்க ஊர் மறக்காது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர் பக்கத்து மீனவங்க ஆழ்கடல்ல பல நாள் தங்கி சுறா, சூரை பிடிக்கிறதுல பேர் போனவங்க. கடல்ல அவங்களுக்குத் தெரியாததா? ஆனா எச்சரிக்கை வந்தப்போ பல படகுகள் ஏற்கெனவே எட்டாத தூரத்துல இருந்துச்சு. சொல்ல வழியே இல்லை. குமரி மாவட்டத்துல எத்தனையோ குடும்பத்துல ஆம்பிளைங்க திரும்பி வரலை.

யோசிச்சுப் பாருங்க. கடலைக் கரைச்சுக் குடிச்சவங்களுக்குத் தகவல் போய்ச் சேர வழியில்லாம போச்சு. கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாத நமக்கு, பாக்கெட்ல கிடக்கிற போன்லயே தகவல் வருது. அதைத் திறந்து பார்க்கிறதுக்கு என்ன சோம்பல்?

ஆஸ்திரேலியாவுல சட்டமே இருக்கு

பாறைமேல நின்னு மீன் பிடிக்கிறது ஆஸ்திரேலியாவுல பெரிய பொழுதுபோக்கு. அதுல நிறைய பேர் அலை இழுத்து இறந்துபோனதால, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல 2016-ல் சட்டமே போட்டாங்க. ஆபத்தானதுன்னு அறிவிச்ச இடங்கள்ல லைஃப் ஜாக்கெட் இல்லாம பாறையில தூண்டில் போட்டா அபராதம். பல பாறைகள்ல மிதவை வளையத்தை மாட்டி வெச்சிருக்காங்க. யாராவது விழுந்தா எடுத்து வீச.

நம்ம பாறைகள்ல அந்த மாதிரி வளையத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. அதனால நம்ம கும்பலே கொஞ்சம் சட்டம் போட்டுக்கலாம். பாக்கெட்ல மடிச்சு வெச்சுக்கோங்க:

● கிளம்புறதுக்கு முன்னாடி இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்க. 'கள்ளக்கடல்', 'கடல் சீற்றம்'னு ஒரு வார்த்தை இருந்தாலும் அன்னிக்குத் தூண்டில் பைக்குள்ளேயே இருக்கட்டும். விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டாலும் அதேதான்.

● ஆனி, ஆடி மாசம் மேற்குக் கரையில வேண்டாம். தென்மேற்குப் பருவக்காத்து காலம். கடல் சாமியாடும்.

● தூண்டில் போடுறவருக்குப் பக்கத்துல ஒருத்தர் சும்மா நிக்கணும். அவர் வேலை கடலைப் பார்க்கிறது மட்டும். போன் பார்க்கிறது இல்லை. முறை வெச்சு மாத்திக்கோங்க.

● போட்டோ எடுக்கிறப்போ நிறைய பேர் கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறாங்க. சங்க காலத்துல போர்க்களத்துல முதுகு காட்டினா மானம்தான் போகும். இங்கே உயிரே போகும். பக்கவாட்டுல நின்னு எடுங்க, முகமும் தெரியும், அலையும் தெரியும்.

● தண்ணி இழுத்தா கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைச்சுப் போகாதீங்க. மிதந்துக்கிட்டே, கரைக்கு இணையா பக்கவாட்டுல நகருங்க. இழுப்பு முடியிற இடத்துல கரைக்குத் திரும்பலாம்.

● ஒருத்தர் விழுந்தா அடுத்தவர் குதிக்காதீங்க. காலி கேன், கயிறு, மூடி இறுக்கின பாட்டில், மிதக்கிற எதையாவது வீசுங்க. உடனே பக்கத்துல இருக்கிற மீனவங்களைக் கூப்பிடுங்க. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112.

● அறுந்த தங்கூசியைக் கடல்ல விடாதீங்க. அது மக்காது. ஆமை கழுத்துலயும் பறவை கால்லயும் சுத்தும். குட்டி மீனை விட்டுருங்க.

ஒரே மாவட்டம், ரெண்டு தடை

போகிற போக்குல ஒரு பொது அறிவு. மீன் குஞ்சு பொரிக்கிற காலத்துல விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை உண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்க மாவட்டம் ரெண்டு பக்கமும் கால் வெச்சு நிக்கிறதால, சின்னமுட்டத்துல ஒரு தடை, குளச்சல் பக்கம் இன்னொரு தடை. நடுவுல ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது. கரையில நின்னு தூண்டில் போடுறதுக்கு இந்தத் தடை இல்லை. ஆனா அந்த நாட்கள்ல மீன் விலை கேட்டா மயக்கம் வரும். நீங்க பிடிச்ச ரெண்டு மடவையும் அப்போ தங்கம்!

அப்படி மாட்டினா, பக்கத்துல ஒரு நல்ல சாப்பாட்டுக் கடையா பார்த்து கேட்டுப் பாருங்க. மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, தேங்காய் அரைச்ச மீன்கறி ஊத்திச் சாப்பிட்டா, ஊட்டிக்கு ஓட்டுப் போட்டவனும் கட்சி மாறுவான்.

ஒண்ணுமே மாட்டலையா? விடுங்க. கடலையே வாழ்க்கையா வெச்சிருக்கிறவங்களுக்கே வெறுங்கையோட திரும்புற நாள் உண்டு. எத்தனை பேர் ரயில்ல வந்து இறங்கினீங்களோ, அத்தனை பேரும் எண்ணிக்கை குறையாம திரும்ப ஏறுங்க. நம்மளை மாதிரி லீவுக்காரங்களுக்கு அதுதான் நல்ல மீன்பாடு.

அடுத்த வாரம் வேற ஊர், வேற கதை. வரட்டா மக்கா!